கவசம் அணிய நாணிய காலம்

பாகூர் ஏரிக்கு அருகே, அறுவடை முடிந்த கழனியில் சிறுவர் சிலர் கிரிக்கெட் ஆடக் கண்டு சற்றே நின்றேன். கையில் இருந்ததோ கெட்டியான கார்க் பந்து. ஒருவன் தலையிலும் கவசம் இல்லை. மாணவ நண்பர்களே, அக்காட்சியே இன்று என்னைப் பேசத் தூண்டியது.

1962 மார்ச்சுத் திங்களில் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிக்கொண்டிருந்தது. அணித் தலைவர் நாரி கான்டிராக்டருக்கு அப்போது வயது 28. பார்படோசில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து அவருடைய மண்டையோட்டை உடைத்தது. அவர் உயிரைக் காக்கக் குருதி அளித்தவர்களுள் மேற்கிந்திய அணித் தலைவர் ஃபிராங்க் வொரலும் ஒருவர். என்னே அப்பெருந்தகையின் உள்ளம்! கான்டிராக்டர் பிழைத்தார், ஆனால் மீண்டும் டெஸ்ட் ஆட்டம் ஆடவில்லை. தலையில் பொருத்திய உலோகத் தகட்டை 2022-இல்தான் அகற்றினார்கள்.

அன்று மட்டைவீரர் தலைக்கவசம் அணியும் வழக்கமே இல்லை, யாரை நோவது? 1998 பிப்ரவரியில் நிலைமை வேறு. டாக்காவில் மட்டைவீரருக்கு மிக அருகே தடுப்பாளராக நின்ற இராமன் லம்பா தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தலையில் பந்து பட்டுச் சில நாட்களில் மாண்டார். கவசம் உலகில் இருந்தது, தலையில் இல்லை.

கவசத்தை விலக்குவதற்குச் சோம்பல் ஒரு காரணம், நாணம் மற்றொன்று. இந்த நாணத்தின் கதையைப் பனித்தரை ஹாக்கியில் தெளிவாகக் காணலாம். நம் லடாக்கிலும் ஆடப்படும் அவ்வாட்டத்தில் பந்துக்கு மாறாகக் கடினமான ரப்பர் வட்டு பாயும். 1959 நவம்பர் 1-ஆம் நாள் நியூயார்க்கில், மான்ட்ரியல் அணியின் இலக்குக் காவலர் ஜாக் பிளான்ட்டின் முகத்தை வட்டு கிழித்தது. தையல் போட்டுக்கொண்ட அவர், முகமூடி இன்றி இனிக் களம் புகேன் என்றார். பயிற்றுநர் விரும்பவில்லை, மாற்றுக் காவலர் இல்லாமையால் இசைந்தார். அன்று மான்ட்ரியலே வென்றது. ஆயினும் பிற ஆட்டக்காரர் வெறுந்தலையுடனே ஆடினர். 1968-இல் பில் மாஸ்டர்டன் பனித்தரையில் தலை மோதி இறந்த பின்னரும் சட்டம் வரப் பதினோர் ஆண்டுகள் ஆயின. 1979-இல் வந்த சட்டமும் புதிதாகச் சேர்வோரையே கட்டாயப்படுத்தியது. கடைசி வெறுந்தலை வீரர் ஓய்வு பெற்றது 1997-இல்.

அவர்களைக் குறை கூற எனக்குத் தகுதி உண்டா? ஆசிரியனாய் இருந்தபோது, புருவம் பிளந்து குருதி ஒழுக, கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் மட்டை பிடித்த மாணவன் ஒருவனைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் "வீரன்" என்று பாராட்டினேன். எல்லோரும் கைதட்டினர். இன்று வில்லியனூர்த் தேரடியில் அவரைக் காணும்போதெல்லாம், "ஐயா, வணக்கம்" என்று அன்போடு கைகூப்புகிறார். என் கண்கள் முதலில் அப்புருவத் தழும்பைத்தான் பார்க்கின்றன.