தொப்புள்கொடி அறுத்தவளும் ‘தன்னார்வலர்’ என்ற பெயரும்



வட இந்தியக் கிராமங்களில் பிரசவம் பார்க்கும் பெண்ணைத் ‘தாயி’ என்பார்கள். பல ஊர்களில் அவர் தலித் பெண். உத்தரப்பிரதேசத்தில் பெரும்பாலும் சமார் பெண். ஆதிக்கசாதி வீட்டிலும் தொப்புள்கொடி அறுத்து நஞ்சைப் புதைப்பது அவர் வேலை. ரத்தம் தீட்டு என்பதாலேயே அது அவரிடம் தள்ளப்பட்டது. கொஞ்சம் தானியம், ஒரு பழைய சேலை கிடைக்கும். கிராமச் சுகாதாரத்தின் வரலாற்றை இங்கிருந்துதான் எழுத வேண்டும்.

அரசின் கணக்கு பிந்தியது. 1977 அக்டோபர் 2 அன்று ஜனதா அரசு சமுதாயச் சுகாதாரப் பணியாளர் திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு ஒருவர், மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். தேர்வானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பிரசவம் அறிந்த பெண்கள் வெளியே நின்றார்கள். ‘பணியாளர்’ விரைவில் ‘தன்னார்வலர்’ ஆனார், பின்னர் ‘வழிகாட்டி’ ஆனார். பெயர் மாற மாற, ஊதியம் கேட்கும் உரிமை தேய்ந்தது.

மகாராஷ்டிராவின் ஜாம்கேட்டில் வேறொன்று நடந்தது. 1970இல் அங்கு வந்த மருத்துவத் தம்பதியர் ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். அவர்களில் பலர் தலித்துகள். தாயியையும் ஊர் தொடவிட்டது; ஆனால் தீட்டோடு சேர்த்தே தொடவிட்டது. ஜாம்கேட் பெண் அறிவோடு உள்ளே போனார். குழந்தைக்கு எதை ஊட்டுவது, கர்ப்பிணியை எப்போது மருத்துவமனைக்கு அனுப்புவது என்று அவர் சொல்ல, ஊர் கேட்டது. சாதி சற்றே அசைந்த இடம் அது.

2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ‘ஆஷா’ பணியாளர்களைக் கொண்டுவந்தது. இன்று அவர்கள் சுமார் பத்து லட்சம் பெண்கள். பிரசவத்துக்கு இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. ஏட்டில் இன்றும் தன்னார்வலர்கள்தாம். இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் விருது வழங்கியது. விருதைக் கொண்டாடிய அரசு, பரிந்துரையைக் கிடப்பில் போட்டுவிட்டது.

1928இல் பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாயின் நலம் நாட்டின் நலன், அதன் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றார். அந்தத் தாயை நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரின் உழைப்புக்கு மட்டும் எப்படிச் ‘சேவை’ என்று பெயர் வைக்க முடிகிறது? தாயியின் படித் தானியத்துக்குப் பின்னால் இருந்த அதே நியாயம்தான் ஊக்கத்தொகைக்குப் பின்னாலும் இருக்கிறது. அதை உடைக்கும் கோரிக்கை எளியது: மாதச் சம்பளம், ஓய்வூதியம், தொழிலாளர் என்ற பெயர்.