யாருக்காக எடுத்த படம்?

புகலிடத் தமிழரின் வரலாற்றை எழுத முனைவோர் வழக்கமாகத் தேடிச் செல்வது துண்டுப்பிரசுரங்களையும் சஞ்சிகைகளையும் அகதி விண்ணப்பங்களையும்தான். அவை முக்கியமானவை என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் எந்தச் சமூகத்திலும் எழுதுபவர்கள் சிலரே. ஒரு சஞ்சிகையைத்தானும் கையால் தொடாத வீட்டிலும் கலியாண அல்பம் ஒன்று இருக்கிறது. எமது சாதாரண மக்கள் பணம் கொடுத்து, விரும்பி உருவாக்கிய மிகப்பெரிய ஆவணத் தொகுதி அதுதான். அதை ஆவணமாக நாம் இன்னும் மதிக்கத் தொடங்கவில்லை.

நான் இத்தொழிலில் இருப்பவன். எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் இருட்டறை உதவியாளனாகச் சேர்ந்தேன். இப்போது ரொறொன்ரோவின் கிழக்கு எல்லையில், ரூஜ் பகுதியில் இருந்துகொண்டு கலியாணவீடும் சாமத்தியவீடும் படம் எடுக்கிறேன். இந்த அனுபவத்திலிருந்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு படத்தைச் சான்றாகக் கொள்வதற்கு முன், அது யார் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டது என்று கேட்கவேண்டும். எமது படங்களைப் பொறுத்தவரை, அந்தப் பார்வையாளர் பெரும்பாலும் படம் எடுத்த இடத்தில் இருந்ததில்லை.

இலங்கையில் கமெரா முதலில் ஆண்டவர்களின் கையிலேயே இருந்தது. இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் படம் எடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் அங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களுக்குப் பெயர் உண்டு. இலங்கையில் அவர் எடுத்த தமிழ், சிங்கள உழைப்பாளிகளுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. அவர்கள் ‘களுத்துறைக் குடியானவர்’ போன்ற பொதுப் பெயருக்குள் அடங்கிப்போனார்கள். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் போன்றவை விற்ற தபாலட்டைகளிலும் எமது மக்கள் காட்சிப்பொருளாகவே நின்றனர். பார்ப்பவர் கடலுக்கு அப்பால் இருந்தார்.

பட்டினத்து ஸ்ரூடியோ இந்த உறவைத் தலைகீழாக்கியது எனலாம். அங்கே படத்தில் நிற்பவரே காசு கொடுப்பவர். எந்தச் சேலை, எந்தக் கதிரை, பின்னால் மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரையா பூந்தோட்டம் வரைந்த திரையா என்பதை அவரே தீர்மானித்தார். ஆயினும் பார்ப்பவர் இங்கும் தொலைவிலேயே இருந்தார். பொம்பிளைப் படம் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போனது. மலாயாவில் உத்தியோகம் பார்த்த மகனுக்குத் தாய் தகப்பனின் படம் போனது. செத்தவீட்டில் பிரேதத்தைச் சுற்றி உறவினர் நின்று எடுத்த படம், வந்து சேர முடியாதவர்களுக்குப் போனது. முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு ஒரு முகம் தேவைப்பட்டால், குழுப்படம் ஒன்றிலிருந்து அதைத் தனியே பிரித்துப் பெருப்பித்து, பென்சிலால் ‘ரச்’ செய்து கொடுப்பதும் எமது வேலைதான்.

இதனோடு இன்னொரு பார்வையாளரும் வந்து சேர்ந்தார். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ், 1972 முதல் இலங்கையில் அடையாள அட்டை வழங்கப்படலாயிற்று. கலியாணம் இல்லாத மாதங்களிலும் ஸ்ரூடியோவின் அடுப்பு எரிந்தது இந்தச் சிறிய படங்களால்தான். எண்பதுகளில் சோதனைச்சாவடிகள் பெருகியபோது அதே படம் உயிரோடு சம்பந்தப்பட்டதாயிற்று. அட்டையில் உள்ள முகமும் முன்னால் நிற்கும் முகமும் ஒன்றா என்று இராணுவத்தினன் உற்றுப் பார்ப்பான். தாடி வளர்த்தவன் அதை வழித்துவிட்டுப் புறப்பட்டான். ஒரு காலத்தில் அழகுக்காக ஸ்ரூடியோவுக்கு வந்தவர்கள், சந்தேகம் வராத முகம் ஒன்றுக்காக வரத் தொடங்கினார்கள்.

கலியாணப் படத்துக்கு வருவோம். நான் தொழில் பழகியபோது 120 றோலில் சதுரப்படம் எடுத்தால் பன்னிரண்டு படங்களே வரும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டில் ஃபிலிம் அருமையாக இருந்த காலத்தின் பழக்கம், திறந்த பொருளாதாரம் வந்த பின்னரும் மூத்தவர்களின் கையை விட்டுப் போகவில்லை. தாலிகட்டுக்கு முன்னர் றோலில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று எண்ணி, போதாவிட்டால் மாற்றிவிடவேண்டும். கெட்டிமேளம் முழங்கும்போது கமெராவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கமுடியாது. ஒரு கலியாணத்துக்கு மூன்று, நான்கு றோல். ஆகவே யார் படத்தில் வருவது என்பது ஒரு பங்கீட்டுப் பிரச்சினை. பெண்ணின் தாய்மாமன் பட்டியலில் முன்னுக்கு; ஒன்றுவிட்ட சகோதரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே படத்தில். பந்தலில் வெள்ளை கட்டிய கட்டாடியார், சமையற்கட்டில் விடிய விடிய நின்ற பெண்கள், இவர்கள் பட்டியலிலேயே இல்லை. கலியாணம் அவர்கள் இல்லாமல் நடக்காது; அல்பம் அவர்கள் இல்லாமல் நிறைந்தது. யாழ்ப்பாணத்தின் சாதியையும் உறவுமுறையையும் ஆராய விரும்புபவருக்கு, அல்பத்தில் இருப்பவர்கள் எவ்வளவு முக்கியமோ இல்லாதவர்களும் அவ்வளவு முக்கியம்.

1990இல் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. ஃபிளாஷுக்கும் பெருப்பிக்கும் கருவிக்கும் உயிரில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் நடந்தபோது, சனங்கள் உறுதிகளையும் நகைகளையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் எடுத்துச் சென்றனர். இடம் இருந்தவர்கள் அல்பத்தையும் எடுத்தனர். ஸ்ரூடியோ அலுமாரிகளில் இருந்த நெகற்றிவ்களை யார் சுமப்பது? எரிந்த நூலகத்தைப் பற்றி நாம் நியாயமாகவே இன்றுவரை பேசுகிறோம். ஊருக்கு ஊர் கறையானும் மழையும் தின்ற முகங்களைப் பற்றிப் பேசியதில்லை.

இந்தக் காலத்தில்தான் கலியாணப் படத்தின் இயல்பே மாறியது. மாப்பிள்ளை கனடாவில், பொம்பிளை யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ. இருவரும் சந்திக்கக்கூடிய இடம் திருச்சி, சென்னை, கொழும்பு. வாடகை மண்டபம், முன்பின் தெரியாத ஐயர், உள்ளூர்ப் படப்பிடிப்பாளர். இந்தக் கலியாணங்களை மானிடவியல் நோக்கில் ஆராய்ந்த சிதார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தரகர்களோடும் சடங்குகளோடும் சேர்த்து அல்பத்தையும் படப்பிடிப்பாளரையும் ஆய்வுக்கு எடுத்திருப்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில் அல்பத்தின் முதல் வாசகர் இப்போது குடும்பம் அல்ல, விசா அதிகாரி.

கனடாவின் குடிவரவு விதிகளின் 4ஆம் பிரிவு, உண்மையல்லாத மணஉறவைக் குடும்பமாக ஏற்கமுடியாது என்கிறது. 2010இல் அது மேலும் இறுக்கப்பட்டது: உறவு உண்மையற்றது என்றோ, குடிவரவு நோக்கமே முதன்மையானது என்றோ, இரண்டில் ஒன்றை அதிகாரி கண்டாலே போதும். 2012இலிருந்து 2017வரை, புதிதாகச் சேர்ந்த தம்பதியரிற் பலர் இரண்டு வருடம் ஒன்றாக வாழவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இவற்றுக்கு மத்தியில் விண்ணப்பத்தோடு அனுப்பும் படங்கள் அலங்காரம் அல்ல, சாட்சி.

சாட்சி சொல்லத் தெரிந்த படம் எப்படி இருக்கும்? இரு பகுதிப் பெற்றோரும் தெளிவாகத் தெரியவேண்டும். சபை நிறைந்திருக்கவேண்டும். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவருக்கொருவர் ஊட்டவேண்டும். கடற்கரையில் கைகோர்த்து நடக்கவேண்டும். எங்கள் ஊர் வழக்கில் மணவறையில் பெண் தலை குனிந்திருப்பாள்; சிரித்தால் மாமியார் ஒரு மாதிரிப் பார்ப்பார். அதே குனிந்த தலையை, இந்த மரபை அறியாத ஒருவர் விருப்பமின்மை என்று வாசிக்கக்கூடும். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் ஒன்றின் மேன்முறையீட்டுக்காக ஒரு குடும்பம் என்னிடம் அல்பத்தைக் கொண்டுவந்தது. “தம்பி, இதிலை பிள்ளை சிரிக்கிற மாதிரி ஒண்டும் இல்லையோ?” என்று பெண்ணின் தாய் கேட்டார். முந்நூறு படங்களில் ஒன்றிலும் இல்லை. மூன்று நாள் பயணம் செய்து, இரண்டு சோதனைகள் தாண்டி, முன்பு பார்த்திராத ஒருவனுக்குக் கழுத்தை நீட்டியவள் அவள். அந்தக் களைப்பு உண்மை. ஆனால் உண்மையான களைப்பு, உண்மையான கலியாணத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

ஆகவே, தொண்ணூறுகளின் அல்பங்களைப் புரட்டி, ‘எமது பெண்கள் வெளிப்படையாக அன்பு காட்டத் தொடங்கிவிட்டார்கள், மரபு தளர்ந்தது’ என்று எழுதும் ஆய்வாளர் அவசரப்படக்கூடாது. அந்த அணைப்பு காதலாகவும் இருக்கலாம். படிவத்தின் கேள்விக்கு அளித்த பதிலாகவும் இருக்கலாம். பல வேளைகளில் பதிலாகத் தொடங்கி, பின்னர் காதலானதும் உண்டு. அதே போஸ் விசா எதுவும் தேவைப்படாத, இங்கேயே பிறந்த பிள்ளைகளின் கலியாணங்களிலும் இன்று வழக்கமாகிவிட்டது. இதற்குச் சினிமாவும் பெரும் காரணம். ஆனால் விசா அதிகாரியின் பங்கையும் மறுக்கமுடியாது.

ரொறொன்ரோவில் தொழில் வேறு விதமாக வளர்ந்தது. 1983க்குப் பின் வந்தவர்கள் தொடர்மாடிக் கட்டடங்களின் பொது அறைகளில் கலியாணம் செய்தார்கள். பின்னர் விருந்து மண்டபங்கள், வீடியோ, இப்போது வானத்தில் பறக்கும் கமெரா. காலை நான்கு மணிக்கு அலங்காரத்தில் தொடங்கி நள்ளிரவு வரை நிற்கவேண்டும். மாசி மாதத்துக் குளிரில் கமெராவின் பற்றரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கவேண்டும். கூறைச்சேலையோடு வெளியே நிற்கும் பெண்ணுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

ரூஜ் ஆற்றங்கரைக்கு இலையுதிர்காலத்தில் தம்பதியர் வருகிறார்கள். 2015இல் சட்டம் இயற்றி தேசிய நகரப் பூங்காவாக்கப்பட்ட நிலம் இது. பதினேழாம் நூற்றாண்டில் இந்த ஆற்றோரம் செனெக்கா மக்களின் கிராமம் இருந்தது. ஸ்காபரோவின் கில்ட் பூங்காவுக்கும் கூட்டிச் செல்கிறோம். நகரத்தில் இடித்த கட்டடங்களின் முகப்புகளைக் கொண்டுவந்து நிறுத்திய பூங்கா அது. 1966இல் இடிக்கப்பட்ட ரொறொன்ரோ வங்கியின் பளிங்குத் தூண்களுக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் மாலையோடு நிற்கிறார்கள். ஸ்ரூடியோத் திரையில் வரைந்த மாளிகைக்குப் பதிலாக இங்கே உண்மையான தூண்கள். பின்னணி யாருடைய அழிவிலிருந்து வந்தது என்று அன்றும் நாம் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை.

2009க்குப் பின் என்னிடம் அதிகம் கேட்கப்படும் வேலை ஒன்று உண்டு: இறந்த தகப்பனை மகளின் கலியாணப் படத்தில் சேர்ப்பது. கையில் இருப்பது பெரும்பாலும் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். கணினியில் செய்துவிடலாம். இது வரலாற்றைத் திரிப்பதாகாதா என்று நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். கல்வெட்டுக்காக முகத்தைப் பிரித்தெடுத்த தொழில், இன்று பிரிந்த முகத்தைத் திருப்பிச் சேர்க்கிறது என்பதே என் எண்ணம். மூலப்படத்தைத் தனியே காப்பாற்றி, சேர்த்தது எது என்று பின்னால் எழுதிவைத்தால் போதும். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஏந்தி நின்ற படங்களைப் பாருங்கள். ஸ்ரூடியோவில் எடுத்தவை, கலியாண அல்பத்திலிருந்து வெட்டியவை, அட்டைக்கு எடுத்தவை. எடுத்தபோது எந்தப் படப்பிடிப்பாளரும் நினைத்திராத பார்வையாளருக்கு, பதில் சொல்ல மறுக்கும் ஓர் அரசுக்கு, அவை காட்டப்படுகின்றன.

எனவே, இவற்றைக் காப்பது வெறும் பழைய நினைவு பற்றிய விடயமல்ல. கனடாவில் 2012 நவம்பர் வரை, கூலி கொடுத்து எடுப்பித்த படத்தின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில், எடுப்பித்தவருக்கே உரியது. சட்டம் திருத்தப்பட்ட பின் அது எடுத்தவருக்குரியது. ஆக, தொண்ணூறுகளின் நெகற்றிவ்கள் எங்கள் நிலவறைகளில் கிடந்தாலும் அவற்றைத் தனியே நாம் யாருக்கும் கையளிக்கமுடியாது. குடும்பங்களின் சம்மதம் வேண்டும். அந்தக் குடும்பங்களின் மூத்தவர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள். தமிழகத்து ஸ்ரூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ணிமப்படுத்தியது. எம்மிடம் 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இருக்கிறது. ரூஜிலிருந்து சில நிமிடத் தூரத்தில் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகமும் இருக்கிறது. இடம் இல்லை என்று சொல்லமுடியாது.

என் முன்மொழிவு எளியது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு அல்பத்தை எடுத்து, மூத்தவர் ஒருவரை அருகில் இருத்தி, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று விடயங்களை எழுதட்டும்: நிற்பவர் யார், யாருக்கு அனுப்புவதற்காக எடுத்தது, அன்று அங்கே இருந்தும் படத்தில் வராதவர் யார். முதல் கேள்விக்குப் பேரப்பிள்ளைகளே பாதிப் பதில் சொல்வார்கள். மற்ற இரண்டுக்கும் பதில் தெரிந்தவர்களிடம் இந்த வருடமே கேட்டாகவேண்டும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதட்டும்; ஆனால் எழுத உட்காருமுன் தங்கள் வீட்டு அல்பத்தை ஒருமுறை புரட்டிவிட்டு எழுதட்டும்.