வானிலிருந்து இறங்கிய வைத்தியர்கள்

பாரசூட் என்னும் சொல் பெரும்பாலான தமிழ் வீடுகளுக்குள் தேங்காய் எண்ணெய்ப் புட்டியின் மேல் ஒட்டிக்கொண்டுதான் வந்து சேர்ந்தது. பள்ளிப் பாடநூல்கள் அதை 'வான்குடை' என்று மொழிபெயர்த்தன. அழகான சொல்தான், ஆயினும் எண்ணெயின் வழுக்கலில் அது பின்தங்கிவிட்டது. சொல் வந்த வழி தெரிந்த அளவுக்கு அந்தப் பொருள் நம்மிடையே வந்த வழி தெரியவில்லை. குறிப்பாக, அதைக் கட்டிக்கொண்டு வானிலிருந்து குதித்த முதல் இந்தியப் படைவீரர்கள் இருவருள் ஒருவர் ஆர்க்காட்டுப் பெயரைத் தாங்கியவர் என்பதைத் தமிழ் இலக்கியம் படித்த நம்மில் எத்தனை பேர் அறிந்திருப்போம்? அந்த வரலாற்றை ஒருமுறை கோவையாகப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு ஒரு நியாயம் உண்டு. ஏலத்துக்கும் காப்பிக்கும் மட்டுமன்றி இலவம் பஞ்சுக்கும் பெயர்பெற்ற ஊர் இது. கோடையில் இலவங்காய் வெடிக்கும்போது பஞ்சு விதையையும் இழுத்துக்கொண்டு காற்றில் மிதந்து போவதைக் காணலாம். கனமான பொருள் அகன்ற பரப்பொன்றைத் துணைக்கொண்டால் காற்று அதைத் தடுத்துத் தாங்கி மெல்ல இறக்கும். வான்குடையின் தத்துவம் இவ்வளவே. இலவு காத்த கிளியைப் பற்றிப் பழமொழி சொன்ன நாம், இலவின் விதையைச் சற்று உற்றுப் பார்த்திருந்தால் வேறொரு பாடமும் கிடைத்திருக்கும்.

நம் இலக்கிய மரபில் உயரத்திலிருந்து வீழ்தல் இரு வகையாக வருகிறது. ஒன்று, மடலேறுதலோடு சேர்த்துச் சொல்லப்படும் வரைபாய்தல். காதல் கைகூடாத தலைவன் மலையுச்சியிலிருந்து பாய்ந்து உயிர்விடுவேன் என்று அச்சுறுத்துவது அது. மற்றொன்று, சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. சூழ்ச்சிக்கு இரையாகவிருந்த சச்சந்தன், கருவுற்றிருந்த விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அது சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். முன்னது உயிரைப் பணயம் வைப்பது. பின்னது உயிரைக் காப்பது. வான்குடையின் இருநூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையேதான் ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

* * *

1797 அக்டோபர் 22 அன்று பாரீசில் ஆந்திரே ழாக் கார்னரான் பலூனில் ஏறி, கயிற்றை அறுத்துக்கொண்டு, துணியாலான குடையின் கீழ்த் தொங்கியபடி இறங்கினார். குடையின் உச்சியில் துளை இல்லாமையால் உள்ளே அடைபட்ட காற்று விளிம்பு வழியே சிதறி வெளியேற, அவர் ஊஞ்சல்போல் அலைக்கழிந்தார். பின்னாளில் உச்சியில் துளையிட்டதும் ஆட்டம் தணிந்தது. குடை நிலைப்பதற்கே ஒரு ஓட்டை தேவைப்பட்டது என்பது சுவையான செய்தி.

அடுத்த நூறாண்டும் இது கண்காட்சி வித்தையாகவே இருந்தது. அவ்வித்தையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் பெர்சிவல் ஸ்பென்சர் என்னும் ஆங்கிலேயர். 1889இல் கல்கத்தாவில் அவரிடம் பயின்ற ராமச்சந்திர சட்டர்ஜி அவ்வாண்டே தனியாகப் பலூனில் பறந்தார். 1890இல் வான்குடையோடு குதித்தார். இந்தியர் ஒருவர் இதைச் செய்ததாக அறியப்படும் முதல் நிகழ்ச்சி அதுவே. கட்டணம் கட்டி வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் முன், 'இது வெள்ளைக்காரனால் மட்டுமே ஆகும்' என்ற எண்ணத்தை உடைத்த நிகழ்ச்சியாகவும் அதைக் கொள்ளலாம்.

வேடிக்கையின் மறுபக்கம் 1892இல் தாக்காவில் வெளிப்பட்டது. நவாபின் அழைப்பின்பேரில் வந்த ழானெட் வான் டாசல் என்ற பெண்மணி பலூனிலிருந்து குதித்து ஒரு மரத்தில் சிக்கிக்கொண்டார். வானிலிருந்து அவரைப் பத்திரமாக இறக்கிய குடை மரக்கிளையோடு நின்றுவிட்டது. மூங்கில்களைக் கட்டி அவரைக் கீழிறக்க முயன்றபோது தவறி விழுந்தார். சில நாட்களில் இறந்தார். ஆயிரக்கணக்கான அடியைக் கடந்தவர் கடைசிச் சில அடியில் மாண்டார். குதிப்பவரின் துணிச்சல் மட்டும் போதாது, கீழே நின்று வாங்கிக்கொள்பவர்களின் ஆயத்தமும் வேண்டும் என்ற பாடத்தைத் தாக்கா அன்றே சொல்லிவிட்டது.

* * *

1919 ஏப்ரல் 28இல் அமெரிக்கரான லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து வெறுமனே குதித்து, வீழ்ந்துகொண்டிருக்கும்போதே தம் கையால் இழுகயிற்றை இழுத்துக் குடையை விரித்தார். தடையின்றி வீழும் மனிதன் மூச்சுத்திணறி மயங்கிவிடுவான் என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். அவருக்குக் கணுக்கால் முறிந்தது; அந்த நம்பிக்கையும் முறிந்தது. 1922இல் 'கம்பளிப்புழுச் சங்கம்' என்று ஒன்று தோன்றிற்று. பழுதுற்ற விமானத்திலிருந்து வான்குடையால் உயிர்தப்பியவர் மட்டுமே அதில் உறுப்பினர் ஆகலாம். பட்டுநூலில் தொங்கி இறங்கும் புழுவின் உருவம் பொறித்த சிறு ஊசியே அதன் அடையாளம். சாதி, நாடு, பதவி எதுவும் கேட்காமல் 'நீ பிழைத்தாயா?' என்று மட்டும் கேட்ட சங்கம் அது.

இரண்டாம் உலகப்போர் இந்தியாவுக்கும் இக்கலையைக் கொண்டுவந்தது. 1941 அக்டோபரில் டில்லியில் 50ஆம் இந்திய வான்குடைப் படையணி அமைக்கப்பட்டது. அதன் 152ஆம் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் இந்தியப் படையில் வான்குடையோடு குதித்த முதல் இந்தியர்கள் எனப் படை வரலாறு குறிக்கிறது. ஒருவர் மருத்துவர், இன்னொருவர் அதிகாரி வரிசையில் இல்லாத படைவீரர்.

அக்காலத்தில் நல்ல குடை கிடைப்பதே அரிதாக இருந்தது. பர்மாப் போர்முனையில் காட்டுக்குள் இருந்த படைகளுக்கு உணவும் குண்டும் வானிலிருந்தே போட வேண்டியிருந்தபோது, ஜெனரல் ஸ்லிம்மின் படை கல்கத்தாச் சணல் ஆலைகளில் சணல் துணியாலேயே குடை தைக்கச் செய்தது. மனிதரை இறக்க அது உதவாது. மூட்டைகளை இறக்கப் போதுமானதாக இருந்தது. சாக்கு நெய்த தறி படைக்குச் சோறிட்டது.

ரங்கராஜின் பெயர் உலக அளவில் பேசப்பட்டது கொரியப் போரில். போரிடும் துருப்புகளை அனுப்புவதில்லை என்று முடிவெடுத்த இந்திய அரசு, 60ஆம் வான்குடைக் கள மருத்துவப் பிரிவை 1950 நவம்பரில் அங்கு அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். அவ்வாண்டு டிசம்பரில் சீனப்படை நெருங்கியதால் ஐக்கிய நாட்டுப் படைகள் பியோங்யாங்கைக் கைவிட்டுப் பின்வாங்கின. மருந்தையும் கருவிகளையும் விட்டுவிட்டு வருவது எளிது; ஆனால் கருவியில்லாத மருத்துவமனை வெறுங்கூடாரமே. கைவிடப்பட்ட ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, தங்களுள் அதை ஓட்டத் தெரிந்தவர்களைக்கொண்டே ஓட்டி, கருவிகள் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு அப்பிரிவு தெற்கே வந்து சேர்ந்தது.

1951 மார்ச் 23 அன்று சியோலுக்கு வடக்கே முன்சான்-நி என்ற இடத்தில் அமெரிக்க 187ஆவது வான்குடைப் படையினர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் குதித்தனர். அவர்களோடு இந்திய மருத்துவக் குழுவினர் பன்னிருவரும் குதித்தனர். ரங்கராஜும் அவர்களுள் ஒருவர். இறங்கிய இடத்திலேயே காயம்பட்டோருக்குச் சிகிச்சை தொடங்கிற்று. அவருக்கு மகாவீர் சக்ரம் வழங்கப்பட்டது. கொரியாவில் இருந்த காலத்தில் அப்பிரிவு சிகிச்சையளித்தவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களுள் படைவீரர் மட்டுமல்லர், போரில் சிதைந்த ஊர்களின் எளிய மக்களும் இருந்தனர். பிற்காலத்தில் ரங்கராஜ் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். வானிலிருந்து இறங்கிய மருத்துவர் பின்னர் மலையேறி ஊர் ஊராகப் போனார் என்று சொல்லலாம்.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. 1959 ஜூலை 17 அன்று வான்குடையோடு குதித்த முதல் இந்தியப் பெண் கீதா சந்தா. அவரும் விமானப்படையில் பணியாற்றிய மருத்துவரே. நம் நாட்டுப் படைகளில் ஆண்களில் முதல்வருள் ஒருவரும் பெண்களில் முதல்வரும் மருத்துவர்களாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் காரணமின்றி அமைந்ததன்று. குதிக்கும் படையோடு மருத்துவரும் குதித்தாக வேண்டும். நோயாளி விழுந்த இடத்துக்கு வைத்தியரும் விழ வேண்டும்.

* * *

போருக்குப் பின் குதித்தல் விளையாட்டாகவும் வளர்ந்தது. வட்டக் குடையின் இடத்தை, 1960களில் டோமினா ஜால்பர்ட் உருவாக்கிய, காற்றறைகள் நிரம்பிச் சிறகுபோல் விரியும் நீள்சதுரக் குடை மெல்லப் பிடித்துக்கொண்டது. வட்டக் குடை கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் இறங்க வேண்டும். சிறகுக் குடையில் விரும்பும் இடத்துக்குத் திருப்பி ஓட்டலாம். 1979இல் குதிக்கத் தொடங்கிய ரேச்சல் தாமஸ் 2002இல் வடதுருவத்தில் குதித்தார். இந்திய விமானப்படையின் 'ஆகாஷ் கங்கா' குழு 1987இல் ஆக்ராவில் தோன்றியது.

இக்கலையின் உயிர்நாடி குதிப்பதில் இல்லை, மடிப்பதில் இருக்கிறது என்பதைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. படைவீரனின் குடையை முகம் தெரியாத ஒருவர் மடித்துக் கட்டுகிறார். வீரன் அந்தக் கைகளை நம்பிக் குதிக்கிறான். விளையாட்டாகக் குதிப்பவர் முதல் குடையைத் தாமே மடிப்பதுண்டு; ஆனால் முதுகுப்பையிலுள்ள இரண்டாவது குடையை உரிமம் பெற்ற வல்லுநரே மடித்து முத்திரையிட வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் வீழும்போது ஒருவர் மயங்கிவிட்டால், உயரத்தை அளந்து தானே இரண்டாவது குடையை விரிக்கும் சிறு கருவியும் 1990களில் பரவலாயிற்று. ஒருவருடைய தவறை மற்றொருவருடைய கவனம் ஈடுசெய்யும்படி அமைந்த ஏற்பாடு இது.

'பேஸ்' குதிப்பு இந்த ஏற்பாட்டை விட்டு விலகுகிறது. கட்டடம், அலைக்கம்பம், பாலம், நிலம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயர் அது. 1978இல் அமெரிக்காவின் எல் காப்பிட்டன் பாறையிலிருந்து தம் நண்பர்கள் குதித்ததைப் படமெடுத்த கார்ல் போனிஷ் இதன் தந்தை எனப்படுகிறார். 1984இல் நார்வேயின் ஒரு மலைமுகட்டிலிருந்து குதித்தபோது அவர் இறந்தார். நூற்றைம்பது மீட்டர் உயரமுள்ள பாறையிலிருந்து குதித்தால் தரையைத் தொட ஐந்தரை நொடிதான். மூன்று நொடியிலேயே நாற்பத்து நான்கு மீட்டர் போய்விடும். இரண்டாவது குடைக்கு அங்கே நேரமில்லை. ஆகவே இரண்டாவது குடையும் இல்லை. தாமே மடித்த ஒற்றைக் குடை. அதில் பிழை நேர்ந்தால் அதைத் திருத்த எவருமில்லை. இந்திய மண்ணிலும் இது நிகழ்ந்துள்ளது. 2006 மே மாதம் ஆஸ்திரேலியத் தம்பதியர் கிளென் சிங்கிள்மேன், ஹெதர் ஸ்வான் இருவரும் கங்கோத்திரிப் பகுதியின் மேரு மலையில் ஏறத்தாழ 6,600 மீட்டர் உயரத்திலிருந்து சிறகுடை அணிந்து குதித்தனர். கிளென் சிங்கிள்மேனும் ஒரு மருத்துவரே என்பது இங்கே நினைக்கத்தக்கது.

அவர்களுடைய துணிச்சலைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. தம் உயிரைத் தாமே பணயம் வைப்பவரின் மனத்தில் வரைபாயும் தலைவனின் பிடிவாதமும் இருக்கக்கூடும். நம் மரபு அவனைப் பாடியும் இருக்கிறது. நம் கேள்வி வேறு: இறங்குபவரை வாங்கிக்கொள்ள யார் நிற்கிறார்கள்?

* * *

அக்கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வியன்று. போடியிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கொழுக்குமலையின் விளிம்பு சுவர்போல் நிற்கும். அதன் உச்சித் தேயிலைத் தோட்டம் 7,900 அடி உயரத்தில் உள்ளது என்பர், அடிவாரத்தில் குரங்கணி. மூணாற்றிலிருந்து 1908இல் வந்த சிறு ரயில்பாதை மலைவிளிம்பான டாப் ஸ்டேஷனோடு நின்றது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடி வழியே வெளியுலகுக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. நம் மலையின் வரலாறே பத்திரமாக இறக்குவதன் வரலாறுதான். இன்றும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மேலேறும் பெண்கள் மாலையில் ஊசிவளைவுகளைக் கடந்து பத்திரமாக இறங்கி வருவதே அவ்வூர்களின் அன்றாடக் கவலை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தது. இருபத்து மூன்று பேர் இறந்தனர். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தனர். ஆனால் முதலில் இருட்டில் மேலேறி, எரிந்த உடல்களைத் தோளில் சுமந்து இறக்கியவர்கள் அடிவார ஊர்மக்கள். அவர்களிடம் கருவி ஏதுமில்லை. எந்த இடத்தில் கால் வைத்தால் பாறை பெயராது என்ற அறிவு மட்டுமே இருந்தது. அத்துயரத்துக்குப் பின் மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாயின. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு செல்லும் ஏற்பாட்டை 2024இல் தமிழக அரசு முறையாகத் தொடங்கியது.

சாகசச் சுற்றுலா என்ற பெயரில் இம்மலைக்கும் நாளை சிறகுகளும் குடைகளும் வரக்கூடும். வரட்டும். உயரத்தைக் கண்டால் குதிக்கத் தோன்றும் மனம் புதிதன்று. வருகிறவர்கள் தங்கள் முதுகுப்பையைச் சரிபார்க்கும்போதே, அடிவாரத்தில் ஒரு முதலுதவி நிலையம் இருக்கிறதா, தீக்காயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் அருகில் மருத்துவர் இருக்கிறாரா, சுமந்து வரப்போகும் ஊர்க்காரருக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் சரிபார்க்க வேண்டும். மலையைப் பொறுத்தவரை இரண்டாவது குடை என்பது அதுதான்.

முன்சான்-நியில் குதித்த அந்தப் பன்னிருவர் யாரையும் வெல்வதற்காகக் குதிக்கவில்லை. விழுந்தவர்களின் பக்கத்தில் இருப்பதற்காகக் குதித்தனர். ஆர்க்காடு ரங்கராஜின் பெயரை நம் பாடநூல்கள் இனியேனும் ஒரு பத்தியில் சொல்லுமானால், பாரசூட் என்றதும் எண்ணெய்ப் புட்டியோடு ஒரு வைத்தியரும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவார்.