அயல்நாட்டில் நமக்கு உறவினர் உண்டா?

நம்மவருடைய பிள்ளைகளில் சிலர் இன்று தனியராய், முதுகில் ஒரு பையுடன், மாதக் கணக்கில் ஐரோப்பாவைச் சுற்றி வருகின்றனர். பெண்மக்களும் அவ்வாறு துணிந்து புறப்படுவது கண்டு நாம் மகிழ்கின்றோம். அத்தகையோரில் இருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒருவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்த, யாழ்ப்பாணத் தமிழர் வழிவந்தவர். மற்றவர் தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துத் தோட்டக் குடும்பத்தவர். முன்னவருக்கு லண்டனில் சிற்றப்பன் வீடு இருக்கிறது. பாரிஸில் அத்தை மகள் இருக்கிறாள். சுவிட்சர்லாந்தில் தாய்மாமன் ரயிலடியில் வந்து காத்திருக்கிறார். பின்னவரோ ஊருக்கு ஊர் விடுதி தேடுகிறார். ஐரோப்பா கிடக்கட்டும்; தமிழ்நாட்டிலேயே அவர் உரிமையோடு தட்டக்கூடிய கதவு ஒன்றில்லை. பாட்டனார் எந்த ஊர் என்று கேட்டால், "தஞ்சாவூர்ப் பக்கம்" என்பார். அதற்கு மேல் அறியார்.

இருவருடைய முன்னோரும் கடல் கடந்து வந்தோரே. அங்ஙனமிருக்க, ஒருவருக்கு உலகெங்கும் பந்துக்கள் இருப்பதும், மற்றவருக்கு ஒருவருமில்லாது போனதும் ஏன்? தலையெழுத்து என்போர் சொல்லிக்கொள்ளட்டும். நாம் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பாதிரிமார் பள்ளிக்கூடங்கள் பரவின. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்தரக் கல்விச்சாலை ஒன்றை நிறுவினர். இவ்வாறு பரவிய ஆங்கிலக் கல்வியைப் பெற்றவர்களே பிற்காலத்தில் மலாய் நாட்டு ரயில்வேயிலும் சர்க்கார் அலுவலகங்களிலும் உத்தியோகம் ஏற்று வந்தனர். மாதச் சம்பளம், விடுமுறை, எழுதப் படிக்கத் தெரிந்த கை ஆகிய மூன்றும் அவர்களிடம் இருந்தன. தபால் எழுதினர், ஊர் சென்று மணமுடித்து வந்தனர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். 1983 ஜூலை மாத வன்முறைக்குப் பின் இலங்கைத் தமிழர் ஆயிரமாயிரமாய் ஐரோப்பிய நாடுகளில் தஞ்சம் புகுந்தபோதும் அக்கடிதத் தொடர்பு அறுந்துவிடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைக்குப் பாரிஸில் உறவினர் வாய்த்தது பெருந்துயரத்தின் வழியாகவே. அதைக் கண்டு எவரும் பொறாமை கொள்ளத் தேவையில்லை.

நிற்க, தோட்டத்துக் கதையைப் பார்ப்போம். லங்காட் ஆற்றோரத்திலும் அதற்கு எதிரேயுள்ள கேரித் தீவிலும் இன்று செம்பனை நிற்கும் நிலங்களில் முன்னாளில் ரப்பர் நின்றது. அம்மரங்களில் பால் வெட்டியவர்களைக் கங்காணிமார் தத்தம் சொந்த ஊர்ப்புறங்களிலேயே திரட்டினர். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்ட பின், அவர்களை அழைத்து வரும் செலவு அந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் பெற்ற தாயைப் பார்த்து வர விரும்புகிறவன் தன் கூலியிலிருந்தே கப்பற்பணம் சேர்க்க வேண்டும். அக்கூலி எவ்வளவு? 1928-இல் முக்கிய வட்டாரங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகெங்கும் வர்த்தக மந்தம் வந்ததும், 1930-இல் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது.

அப்படியும் வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர்கள் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலேறினர். 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றப்பட்ட துறைமுகம் அதுவே. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயர் அறியாத பழைய குடும்பம் நம்மிடையே இராது. தகரப் பெட்டியும் பாயுமாக டெக்கில் படுத்துப் பல நாட்கள் கடந்து நாகப்பட்டினத்தில் இறங்கினால், ஊரில் என்ன காத்திருந்தது? "மலாய்க்காரன் வந்துவிட்டான்" என்று கடன் கேட்போர் ஒரு புறம். காது குத்து, கருமாதி, திருவிழா என்று கைப்பணத்தைக் கரைப்போர் மறு புறம். சேரியிலிருந்து சென்றவன் எத்தனை வருஷம் சென்று திரும்பினாலும் சேரிக்கே திரும்ப வேண்டும். சேமித்ததை இழந்து மீண்டவனைத் துறைமுகத்தில் 'கொரண்டைன்' என்று சில நாள் அடைத்தும் வைத்தனர். இரண்டாம் முறை போக அவனுக்கு எங்கிருந்து மனம் வரும்?

போக முடியாதவன் கடிதமாவது எழுதலாமே எனின், அவனுக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துக் கிராணியை, அல்லது கங்காணியை நாட வேண்டும். மனைவிக்குச் சொல்ல வேண்டியதை மூன்றாம் மனிதனிடம் எவ்வளவு சொல்ல முடியும்? "நான் சுகம், அவ்விடத்துச் சுகத்திற்கு எழுதவும்" என்பதோடு கடிதம் முடியும். சில வருஷங்களில் அதுவும் நிற்கும்.

எஞ்சிய இழைகளையும் காலம் ஒவ்வொன்றாய் அறுத்தது. 1938-இல் இந்திய சர்க்கார் தோட்டங்களுக்கு உதவி பெற்று ஆள் செல்வதைத் தடை செய்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கப்பலுமில்லை, தபாலுமில்லை. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டவர்களின் சாவுச் செய்தியும் ஊர் சேரவில்லை. 1953-இல் குடிநுழைவுச் சட்டம் கடுமையாயிற்று. 1969-க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டு இல்லாத பல்லாயிரவர் இந்தியா திரும்ப நேர்ந்தபோது, ஒரே குடும்பம் இரண்டாய்ப் பிளந்தது. 'ரஜூலா' 1973-இல் இத்தடத்திலிருந்து விலகிற்று. அதன் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் தீப்பிடித்ததோடு ஏழைகளின் கடல்வழியும் முடிந்தது.

ஆகவே, நம் உறவை அறுத்தது கடலன்று. கூலிக் குறைவும் கல்வியின்மையும் ஊர்க்கொடுமையும் சட்டமுமே அறுத்தன.

"ஊர் மறந்தது நல்லதே, அதோடு சாதியும் ஒழியட்டும்" என்று சில தோழர்கள் கூறுவர். அவ்வெண்ணத்தை நாம் மதிக்கிறோம். இழிவுக்கு அஞ்சி ஊர்ப்பெயரை வேண்டுமென்றே மறைத்த பெரியவர்களும் இருந்தனர். எனினும், சாதியை விடுவது வேறு. பாட்டியின் பெயரை இழப்பது வேறு. முன்னது நாமே செய்ய வேண்டிய காரியம். பின்னது பிறர் நமக்கு இழைத்த அநீதி. மேலும், ஊரை மறந்த பலர் சாதியை மட்டும் மறவாது கலியாணப் பந்தலில் தேடித் திரிவதை நாம் காண்கிறோமே!

எனவே, வாசகர்களுக்கு நாம் சொல்வது இதுவே. வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருப்பின், இந்த வாரமே அவரிடம் அமர்ந்து கேளுங்கள். ஊர் எது, தாலுகா எது, ஊரில் விட்டுவந்த அக்காள் தங்கையின் பெயர் என்ன, கப்பலேறியது எந்த வருஷம் என்பவற்றை எழுதி வையுங்கள். பழைய கடப்பிதழ், பிறப்புச் சான்று, தோட்டத்துச் சீட்டு எதையும் குப்பையில் எறியாதீர்கள்.

பாரிஸில் லா ஷப்பெல் பகுதியில் தமிழ்க் கடைகள் வரிசையாய் இருக்கின்றன. நம் பிள்ளை அங்கே பசியோடு நுழைந்தால், கடைக்காரர் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்பதாகவே இருக்கும். "தெலுக் பங்லிமா காராங்" என்று அவர் தலைநிமிர்ந்து சொல்லட்டும். மூன்று தலைமுறை உழைத்த ஊர் சொந்த ஊரே. "அதற்கு முன்?" என்று கேட்டால், அதற்கும் ஒரு விடை அவரிடம் இருக்க வேண்டும்.