பிரீமியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சென்னையின் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிவிட்டதா என்று கேட்டாலே போதும், வியாசர்பாடிக்காரர்களுக்கு மழையின் அளவு தெரிந்துவிடும். அங்கே பட்டறைக்கும் ஆட்டோவுக்கும் உயிருக்கும் மக்கள் கட்டும் பிரீமியம் கம்பெனிக் கணக்கில் எந்தக் கட்டத்தில் ஏறுகிறது? அந்தக் கட்டம் பல கடல்களைத் தாண்டி வந்தது.

இன்று கிடைக்கும் காப்பீட்டு ஒப்பந்தங்களில் மிகப் பழையது 1347-இல் ஜெனோவாவில் எழுதப்பட்டது. கப்பல் கரை சேர்ந்தால் லாபம், கவிழ்ந்தால் நஷ்டம். கணக்கு அதோடு முடிந்தது. லண்டனில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக்கடையில் கூடிய கப்பல் வணிகர்களுக்கும் அதுவே போதுமாக இருந்தது.

சிக்கலைக் கொண்டுவந்தது ஆயுள் காப்பீடு. 1762-இல் லண்டனில் ஈக்விடபிள் சொசைட்டி தொடங்கியது. 1829-இல் மெட்ராஸ் ஈக்விடபிள் நம் ஊரில் கடை விரித்தது. பணம் இன்று வரும், இழப்பீடு நாற்பது வருடம் கழித்துப் போகும். நடுவில் வந்ததையெல்லாம் லாபம் என்று எழுதிக்கொண்டால் யார் கேட்பது?

கேட்கவைத்தது ஒரு திவால். சிறு கம்பெனிகளை விழுங்கிப் பெருத்த ஆல்பர்ட் நிறுவனம் 1869-இல் லண்டனில் சரிந்தது. மறு ஆண்டே, அரசு வகுத்த படிவத்தில்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் போட்டது. 1912-இல் இந்தியாவும் அதே வழியில் தன் சட்டத்தை இயற்றியது. படிவம் வந்தும் பணம் தப்பவில்லை. தொழிலதிபர் டால்மியாவின் காப்பீட்டுக் கம்பெனிப் பணம் திசைமாறியதை பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். அரசு ஆயுள் காப்பீட்டை நாட்டுடைமையாக்க, 1956-இல் 245 நிறுவனங்கள் எல்.ஐ.சி.யில் கரைந்தன.

இதற்குள் நாட்டுக்கொரு கணக்குமுறை ஆகிவிட்டிருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்க லண்டனில் 1997-இல் தொடங்கிய முயற்சி, 2017-இல்தான் ஐ.எஃப்.ஆர்.எஸ். 17 என்ற விதியாக முடிந்தது. 2023-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கையில் வந்த பிரீமியம் அன்றே வருமானம் ஆகாது. பாதுகாப்புக் கொடுக்கக் கொடுக்கத்தான் லாபம் ஏறும். நஷ்டம் என்று தெரிந்தால் மட்டும் உடனே எழுத வேண்டும். பொதுக் காப்பீட்டில் ஏற்கெனவே ஓரளவு இருந்த இந்த ஒழுங்கு, ஆயுள் காப்பீட்டைத்தான் புரட்டிப்போட்டது.

கணக்கு மாறினால், கண்காணிப்பவரின் படிவமும் மாறியாக வேண்டும். பழைய எண்களை நம்பி வகுத்த மூலதன அளவுகோல் புதிய எண்களுக்குப் பொருந்தாது. கனடா இரண்டையும் 2023-இல் சேர்த்தே மாற்றியது. இந்தியாவில் மத்திய அரசு 2024 ஆகஸ்டில் அதன் இந்திய வடிவமான இந்த்-ஏ.எஸ். 117-ஐ அறிவித்தது. செப்டம்பரிலேயே, காப்பீட்டைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லும்வரை காப்பீட்டு நிறுவனங்கள் தாய் நிறுவனத்தின் கணக்குக்குப் பழைய முறையிலும் எண்கள் தரலாம் என்று விட்டுக்கொடுத்தது.

படிவம் எதுவானாலும், நம் நாட்டில் காப்பீட்டு நிறுவனத்தின் சால்வென்சி விகிதம், அதாவது தேவையான மூலதனத்துக்குக் கையிலிருக்கும் மூலதனத்தின் விகிதம், 1.5-க்குக் குறையக் கூடாது. கம்பெனிகள் அதைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். அடுத்த பிரீமியம் கட்டுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.