பொதுவெளி ஓவியம்: தென்காசி, குற்றாலம்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் கோயில் மண்டபம், ஊரோரப் பீடம், பாறை, பொதுச்சுவர் ஆகியவற்றில் எல்லார் கண்ணிலும் படும்படி செய்யப்படும் ஓவியமும் வண்ண வேலையும் இத்தலைப்பில் அடங்கும். இதற்குப் படியளந்தவர்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார்கள்: மன்னர், ஊர் வரி, சினிமா, அரசு. வரைந்தவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. மறுவண்ணம் பூச ஆள் இருந்ததா என்பதை வைத்தே இவற்றின் ஆயுளைச் சொல்ல முடியும்.

வட்டாரத்தின் தலையாய சான்று குற்றாலம் சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன்னுக்கும், மதுரை வெள்ளிக்கும், திருநெல்வேலி செம்புக்கும், திருவாலங்காடு இரத்தினத்துக்கும் உரியவை. குற்றாலத்துக்கு வாய்த்தது ஓவியம். மற்ற நான்கிலும் திருமேனி ஆட, இங்கே கூத்தன் சுவரில் ஆடுகிறான். குற்றாலநாதர் கோயிலை விட்டுச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தை ஒட்டித் தனிக் கட்டடமாக நிற்கிறது சபை. உட்சுவர்களில் உள்ள புராணக் காட்சிகள் நாயக்கர் காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன. மலைக்கு அந்தப்புறம் கேரளம் என்பதால் கோடுகளில் அந்தச் சாயலும் உண்டு. மார்கழித் திருவாதிரையில் நடக்கும் தாண்டவ தீபாராதனைக்குக் கூட்டம் கூடுகிறது. சீசனில் வருகிறவர்களில் பலர் அருவியில் குளித்துவிட்டு, பலாப்பழம் வாங்கிக்கொண்டு, இந்தக் கட்டடம் இருப்பதே தெரியாமல் ஊர் திரும்புகிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துத் திருப்புடைமருதூர் கோபுரத்தின் உள்தளங்களிலும் பழைய சுவரோவியங்கள் உள்ளன.

சாரலும் ஈரமும் சுண்ணச்சுவருக்குப் பகை. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் இதை அறிந்தவன் போலும். 1446இல் காசி விசுவநாதர் கோயில் பணியைத் தொடங்கிய அவன், பின்னாளில் கோயிலுக்குப் பழுது நேர்ந்தால் அதைச் சீர்செய்யப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். கட்டியவனின் பெருமையைப் பாடும் கல்வெட்டுகள் ஏராளம். பழுது பார்ப்பவனைக் கும்பிடும் கல்வெட்டு அபூர்வம். அந்தக் கும்பிடு வீண்போகவில்லை. சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற ராஜகோபுரத்தைச் சிவந்தி ஆதித்தன் தலைமையில் மீண்டும் எழுப்பி, 1990இல் குடமுழுக்கு நடத்தினார்கள்.

ஊர்மக்களே கூடிச் செய்யும் வண்ண வேலை என்றால் அது சுடலைமாடன் முதலிய தெய்வங்களின் பீடங்களில்தான். கலை வரலாறு எழுதுகிறவர்கள் இதை அதிகம் கண்டுகொள்ளவில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறம், சுடுகாட்டு ஓரம், குளத்தங்கரை என்று யாரும் உரிமை கொண்டாடாத இடத்தில் செங்கல்லும் சாந்துமாக, மேலே போகப்போகக் குறுகும் தூணாக எழும் பீடத்துக்கு ஆண்டு முழுதும் கவனிப்பு குறைவு. ஊர்த்தெய்வத் திருவிழாவான கொடை நெருங்கினால் கதையே வேறு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிக்கப்படும். கால் நாட்டியதும் வேலை தொடங்கும். முள் வெட்டி, குப்பை அள்ளி, தரை செதுக்குவார்கள். உதிரும் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, நீற்றிய சுண்ணாம்பில் பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலம் கலந்து, நசுக்கிய மட்டையால் வெள்ளையடிப்பார்கள். அது காய்ந்ததும் செங்காவிப் பட்டைகள் ஏறும். இப்போது சுண்ணாம்பின் இடத்தைப் பல ஊர்களில் டப்பா பெயின்ட் பிடித்துவிட்டது. காவிப்பட்டையோடு மஞ்சளும் பச்சையும் சேர்ந்துவிட்டன. அழகு போய்விட்டது என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. வரி கட்டுபவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அதற்குமேல் வாதமில்லை. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் அந்தத் திடலில்தான் நடக்கும். மாடன் சுவரோரம் எவரும் சிறுநீர் கழிக்கத் துணிவதில்லை. நகரங்களில் மாடிப்படி மூலையில் சாமிப்பட ஓடு பதிப்பவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும்.

சினிமா வந்தபோது வண்ணம் திடீரென்று பெருகியது. 2005இல் வெளியான ஷங்கரின் ‘அந்நியன்’ படப் பாட்டொன்றுக்காகக் கலை இயக்குநர் சாபு சிரிலின் குழு இந்தப் பக்கத்து வீடுகள், தெரு, லாரிகள் எல்லாவற்றிலும் வண்ணம் தீட்டியது. சுந்தரபாண்டியபுரம் அருகே பாறைகளில் எம்.ஜி.ஆர்., ரஜினி உள்ளிட்ட நட்சத்திரங்களின் முகங்கள் எழுந்தன. படப்பிடிப்புக் குழு போய்விட்டது. பாறைக்கு ‘அந்நியன் பாறை’ என்று பெயர் நிலைத்தது. சூரியகாந்தி பூக்கும் பருவத்தில் வயலைப் பார்க்க வருகிறவர்கள் இங்கும் நின்று செல்பி எடுக்கிறார்கள். ஊரார் வரைந்ததல்ல, ஊரார் கேட்டதுமல்ல. ஆனாலும் வெறும் பொத்தையாகக் கிடந்த இடத்துக்கு ஒரு விலாசம் கிடைத்தது.

வண்ணத்தால் ஓர் இடத்துக்கு விலாசம் தேடுவது இந்த வட்டாரத்தோடு நிற்பதல்ல. புறக்கணிக்கப்பட்ட குடியிருப்பைச் சுவரோவியத்தால் மாற்றும் இன்றைய முயற்சிகளுக்கு வெளிநாட்டு முன்னோடிகள் பல. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984இல் சுவர்க்கிறுக்கலை ஒழிக்கத் தொடங்கிய திட்டம், கிறுக்கிய இளைஞர்களையே ஓவியர்களாக்கியது. தமிழ்நாட்டில் பேர் பெற்றது சென்னை கண்ணகி நகர். கரையோரங்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியேற்றிய அந்த அடுக்குமாடிகளில், மாநகராட்சியும் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2020இல் பெரும் ஓவியங்களை வரையச் செய்தன. பெயர் கெட்ட இடமாகப் பேசப்பட்ட பகுதியைத் தேடி மக்கள் வந்தது உண்மை. தண்ணீருக்கும் வேலைக்கும் அலையும் குடும்பங்களுக்குச் சுவரில் வண்ணம் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே.

2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டத் தலைநகராக இருக்கும் தென்காசியில் பொதுச்சுவர்கள் இனிப் பெருகும். அவற்றில் வரைய முன்வரும் அமைப்புகள் முதல்நாள் திறப்பு விழாவுக்கு மட்டும் பணம் ஒதுக்காமல், அடுத்த வெள்ளையடிப்புக்கு யார் வரி தருவார்கள் என்பதை ஊர்க் கொடைக் கணக்கு எழுதுகிறவரிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.