பிளசர் வண்டிக்கு எந்த கிளப்?

எட்டயபுரம் பக்கம் வயசானவங்க 'கார்'னு சொல்லி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. பிளசர்தான். வெள்ளைக்காரன் காலத்து 'பிளெஷர் கார்' கரிசல் மண்ணுல விழுந்து புரண்டு பிளசர் ஆயிடுச்சு. லாரி சரக்குக்கு, பஸ் சனத்துக்கு, பிளசர் சொகுசுக்கு. ஆனா எங்க வீட்டு பிளசர்ல சொகுசாப் போனவங்க ரொம்பக் கம்மி. பிரசவ வலியோட போனவங்க, பாம்பு கடிச்சுப் போனவங்க, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில இருந்து துணி போர்த்தித் திரும்பி வந்தவங்க, திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போன பதிமூணு பேர் (ஆமா, பதிமூணுதான். டிக்கியில இருந்த ரெண்டு பொடியன்களைச் சேர்த்து).

வண்டி 1972-ல் பதிவான அம்பாசிடர் மார்க் 2. சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த ஒருத்தரிடம் இருந்து 1984-ல் எங்க தாத்தா வாங்கியது. அய்யா வாடகைக்கு ஓட்டினார். 2009-ல் ஓட்டத்தை நிறுத்திட்டு சொந்த வண்டியா மாத்தி, தொழுவத்துக்குப் பக்கத்துல தார்ப்பாய் போட்டு மூடினார். ஆனா ஆர்.சி.யை மட்டும் விடாமப் புதுப்பிச்சுட்டே வந்தார். ஏன்னு கேட்டா பதில் வராது. போன வருஷம் நான் சென்னையில இருந்து லீவு போட்டுட்டு வந்து தார்ப்பாயை எடுத்தேன். கோவில்பட்டி மெக்கானிக் அண்ணாச்சி நாலு மாசம் மல்லுக்கட்டி வண்டியை எழுப்பிட்டார்.

வண்டி எழுந்ததும் எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. பழைய கார் வச்சிருக்கிறவங்க கிளப் எதுலயாவது சேரணும். சென்னையில மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கு. ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா இருக்கு. இது போக நம்ம தென்மாவட்டத்துலயே அம்பாசிடர் மட்டும் வச்சிருக்கிற ஒரு சின்ன கூட்டம், பேருகூட ஒழுங்கா வைக்காம மாசம் ஒரு தடவை ரோட்டோரக் கடையில சந்திச்சுக்குது. எதுல சேர்றது? சந்தா எவ்வளவு, மீட்டிங் எங்கேன்னு பார்த்து முடிவு பண்ற விஷயம்னு நினைச்சேன். தோண்டத் தோண்ட வேற ஒரு கேள்வியில போய் முட்டிக்கிட்டேன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ குடிச்சுட்டு வாங்க.

சிக்கல் என்னன்னா, எங்க வண்டியில இருக்கிறது டீசல் எஞ்சின்.

மார்க் 2 பெட்ரோல் வண்டி. 1489 சி.சி. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூணாவது வரிசை மாடலை வாங்கி 1957-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் விட்டதுதான் அம்பாசிடர். கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் தொழிற்சாலை. 1980 வாக்கில் கம்பெனியே டீசல் அம்பாசிடர் விட்டது. அதுவும் 1489 சி.சி.தான், அதே பிரிட்டிஷ் எஞ்சின் குடும்பம். பெட்ரோலுக்கு அண்ணன் தம்பி மாதிரி. அதனால பெட்ரோல் வண்டியில டீசலை இறக்குறது பெரிய வித்தை இல்லை. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இருந்த விலை வித்தியாசத்துல ஊருக்கு ஊர் வாடகை வண்டிக்காரங்க எல்லாரும் மாத்தினாங்க. சிலர் மெட்டடார் எஞ்சினையே தூக்கி வச்சாங்க. அய்யா 1991-ல் மாத்தினார். மதுரையில பழைய கம்பெனி எஞ்சின் வாங்கி, ஆர்.சி.யிலயும் ஏத்தியாச்சு. கழட்டின பெட்ரோல் எஞ்சின் இன்னைக்கும் தொழுவத்துல கிரீஸ் பூசி சாக்குக்குள்ள கிடக்கு.

சென்னையில பழைய கார் கண்காட்சி ஒன்றில் தெரிந்த ஒருத்தரிடம் வண்டியோட போட்டோ காட்டினேன். பானட்டைத் திறந்த படம் வந்ததும், "அடடா, பெட்ரோல் எஞ்சினை எப்படியாவது திரும்ப வச்சிருங்க தம்பி. அப்பதான் இது கிளாசிக்"ன்னார். நல்ல மனுசன், அக்கறையோடதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு.

இந்த 'அப்பதான்' எங்கிருந்து வந்ததுன்னு தேடப் போனேன்.

பழைய கார் கிளப் என்கிற சமாச்சாரமே இங்கிலாந்துல ஆரம்பிச்சது. 1896 நவம்பர் 14-ம் தேதி லண்டன்ல இருந்து பிரைட்டனுக்கு ஒரு கார் ஊர்வலம் போச்சு. மோட்டார் வண்டிகளுக்கு இருந்த கெடுபிடிச் சட்டத்தைத் தளர்த்தினதைக் கொண்டாட. 1927-ல் அதை மறுபடி நடத்தினாங்க, பழைய வண்டிகளை வச்சு. அந்தச் சூட்டுல 1930-ல் வெட்டரன் கார் கிளப் வந்தது. முதல்ல இருந்தே அவங்க பண்ணின வேலை கோடு போடுறதுதான். இந்த வருஷத்துக்கு முன்னாடி பிறந்த வண்டி உள்ளே, பின்னாடி பிறந்தது வெளியே.

1934-ல் வந்தது விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப். இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. புது கார் வாங்க வசதி இல்லாத ஆட்கள் சேர்ந்து ஆரம்பிச்சது. அவங்க கோடு 1930 டிசம்பர் 31. கணக்குப் பண்ணிப் பாருங்க. 1934-ல் உட்கார்ந்து 1930 வண்டியை 'விண்டேஜ்'ங்கிறாங்க. நாலு வயசு வண்டி! இன்னைக்கு நாலு வயசு வண்டியை நம்ம ஆபீஸ் பார்க்கிங்ல நிறுத்தினா புது வண்டின்னு சொல்வான். ஆக, வயசுங்கிறது சும்மா சாக்கு. 'முன்னாடி நல்லாச் செஞ்சான், இப்ப மட்டமாச் செய்றான்' என்கிற கோபம்தான் அந்தக் கோடு.

1966-ல் இந்த மாதிரி கிளப்புகளுக்கெல்லாம் உலக அளவுல ஃபீவான்னு ஒரு கூட்டமைப்பு வந்தது. அவங்க கணக்குல 30 வயசு தாண்டணும், சரித்திரப்படி சரியான நிலையில பராமரிக்கணும், தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கடைசி விதியைப் படிச்சதும் சிரிச்சுட்டேன். கரிசல்ல ஒரு கார் நாப்பது வருஷம் தாக்குப் பிடிச்சதுன்னா, தினசரி ஓட்டினதாலதான் தாக்குப் பிடிச்சது. ஓட்டம் இருந்தாத்தான் ரிப்பேருக்குக் காசு வரும். ஓட்டாத வண்டியை எலியும் துருவும் பங்கு போட்டுக்கும்.

நம்ம நாட்டுல 1964-ல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை பழைய கார் ராலியை ஆரம்பிச்சது. 1971-ல் மன்னர் மானியம் ஒழிஞ்ச பிறகு சமஸ்தானத்து ரோல்ஸ் ராய்சும் டெய்ம்லரும் கை மாறி வெளியே வர ஆரம்பிச்சது. அதனாலயே நம்மூர்ல 'ஹெரிடேஜ் கார்'னா அரண்மனை வண்டின்னு ஒரு நினைப்பு ஆழமா இருக்கு. எட்டயபுரத்துக்காரனுக்கு அரண்மனைன்னா என்னன்னு தெரியும். 1948 சட்டத்துல ஜமீன் போச்சு, அப்புறம் கட்டடம் சிதிலமாச்சு. இன்னைக்கு வெளியூர்க்காரன் பாரதி வீட்டையும் மணிமண்டபத்தையும் கேட்டுத்தான் வர்றான். சரி, அது வேற கதை.

தமிழ்நாட்டு மோட்டார் சரித்திரத்தை எடுத்தா அரண்மனையை விடப் பட்டறைதான் பெரிசு. 1903-ல் மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனியில நீராவி கார் ஒன்றைக் கட்டினாங்க. 1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒத்தை பஸ் விட்டார். ரெண்டாம் உலகப்போர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்ப டி.வி.எஸ். கரியை எரிச்சு ஓடுற கேஸ் பிளான்ட் செஞ்சு வண்டிகள்ல மாட்டிச்சு. இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. பெட்ரோல் வண்டியில கரி அடுப்பைக் கட்டினது 'ஒரிஜினலா'? அப்படி ஒரு வண்டி இன்னைக்குக் கிடைச்சா அந்தக் கரி அடுப்பைக் கழட்டிப் போட்டுட்டு 'இப்பதான் கிளாசிக்'னு சொல்லுவோமா, இல்லை அடுப்போட சேர்த்துக் கும்பிடுவோமா? 1991 டீசல் எஞ்சினும் அதே மாதிரி தட்டுப்பாட்டுக்குப் பதில் சொன்ன பொருள்தான். என்ன, தட்டுப்பாடு எங்க வீட்டோடது.

இனி சட்டம். 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி போட்டது. முதல் பதிவில இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். அப்புறம் புதுப்பிக்க 5,000. நம்பர்ல 'வி.ஏ.'ன்னு ரெண்டு எழுத்து வரும், அது ஒரு கெத்து. ஆனா சாசி, பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டுல இறக்கலாம். தினசரி ஓட்டமோ வாடகையோ கூடாது. வி.ஏ. வேண்டாம்னா எல்லா வண்டி மாதிரி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டு போய்க் காட்டிப் புதுப்பிக்கணும். 20 வயசு தாண்டின காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி.

ஆக என் முன்னாடி இருந்தது ரெண்டு வழி. பெட்ரோல் எஞ்சினை ஏத்தி, வி.ஏ. நம்பர் வாங்கி, ஹெரிடேஜ் கிளப்ல சேர்ந்து, ராலிக்கு மட்டும் எடுக்கலாம். இல்லைன்னா டீசலோட விட்டுட்டு, ரோட்டோரக் கடைக் கூட்டத்தோட சேரலாம்.

ஒரிஜினல் கட்சியைக் கிண்டல் பண்றது சுலபம். ஆனா அவங்க பக்கம் நியாயம் நிறைய இருக்கு. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி செஞ்ச ஹெரால்டு கார் எத்தனை மிச்சம்? எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ், அதாவது இன்னைக்கு அசோக் லேலண்டு, 1948-ல் ஆரம்பிச்சப்ப பூட்டினது ஆஸ்டின் ஏ40 கார்கள். அதுல எத்தனையை நீங்க ரோட்டுல பார்த்திருக்கீங்க? மிச்சம் இருக்கிறதையும் ஆளுக்கு ஒரு எஞ்சின் மாத்தி வச்சா, அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சாங்கன்னு காட்ட ஒண்ணும் இருக்காது. கோயம்புத்தூர் ஜி.டி. கார் மியூசியத்துல போய் நின்னா இது புரியும். இந்தக் கறார் ஆட்கள் இல்லைன்னா பாதி வண்டி எடைக்குப் போயிருக்கும்.

ஆனா அம்பாசிடர்? 2014 வரைக்கும் லட்சக்கணக்குல செஞ்சு தள்ளியிருக்காங்க. தொழிற்சாலையை விட்டு வந்தப்ப மார்க் 2 எப்படி இருந்ததுன்னு கேட்டாலோ, கிரில்லுல எத்தனை கட்டம்னு கேட்டாலோ, புத்தகமும் போட்டோவும் விளம்பரமும் இருக்கு. வெளியே வந்த பிறகு அது என்ன ஆச்சுங்கிறதுக்குத்தான் ஆவணம் இல்லை. எந்த ஊர் வாடகை வண்டிக்காரன் எந்தக் கடனை அடைக்க எந்த எஞ்சினை இறக்கினான், மழைக் கரிசல்ல சக்கரம் புதைஞ்சா வேலிக்கருவை விறகை எப்படி அடியில கொடுத்தான், இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்லை. அது எங்க பானட்டுக்குள்ள இருக்கு.

இதை நானாக் கிளப்பி விட்ட வாதம்னு நினைச்சேன். இல்லை. ஃபீவாவே 2012-ல் டூரின் சாசனம்னு ஒண்ணு ஏத்துக்கிட்டிருக்கு. வண்டி தன்னோட சாதாரண வாழ்க்கைக் காலத்துல அடைஞ்ச மாற்றங்களும் அதோட சரித்திரத்துக்குச் சாட்சி, அதனால அதையும் காப்பாத்தலாம், எல்லாத்தையும் பிறந்த நாளுக்குத் திருப்பிக் கொண்டு போக வேண்டியதில்லைங்கிறது அதுல உள்ள கருத்து. பழைய கட்டடங்களுக்கு இருக்கிற வெனிஸ் சாசனத்தைப் பார்த்துச் செஞ்சது. கோயிலைப் புதுப்பிக்கிறேன்னு சொல்லி மணல் வீச்சு அடிச்சுக் கல்வெட்டை அழிச்ச ஊர் நம்ம ஊர். நமக்கு இது புரியாமப் போகாது.

இதையெல்லாம் படிச்சுட்டு, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அய்யாகிட்ட போய்ச் சொன்னேன். அவர் வேப்பமரத்தடியில கட்டில்ல உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தார்.

"பெட்ரோல் எஞ்சினை ஏத்தணும்னா ஏத்துலே. அதுக்குத்தானே கிரீஸ் போட்டு வச்சிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அப்ப டீசல் வேண்டாமாய்யா?"

"வேண்டாம்னு எங்க சொன்னேன்? பெட்ரோல் எஞ்சின் சிவகாசிக்காரரைச் சுமந்துச்சு. இது நம்மளைச் சுமந்துச்சு. எதைக் காட்டணும்னு நீதான் பார்த்துக்கிடணும்."

அவர் அதோட முடிச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். உன் இன்ஜினியரிங் காலேஜ் பீஸ் எதுல வந்ததுன்னு கேட்கலை. கேட்டிருந்தா வண்டி ஓட்டம் நின்ன பிறகும் அந்த டீசல் சம்பாதிச்சு வாங்கின ஆறு ஏக்கர்ல வந்த உளுந்தும் மிளகாய் வத்தலும்தான்னு சொல்லியிருக்கணும்.

போன மாசம் ரோட்டோரக் கடைக் கூட்டத்துக்கு வண்டியை எடுத்துட்டுப் போனேன். மதுரை-தூத்துக்குடி ரோட்டுல, எட்டயபுரம் தாண்டி. பதினோரு அம்பாசிடர் நின்னுச்சு. அதுல முழு ஒரிஜினல்னு சொன்னா ரெண்டோ மூணோ தேறும். ஒருத்தர் நேரா வந்து பானட்டைத் திறந்தார். எந்த வருஷத்து மாடல்னு கேட்கலை.

"மைக்கோ பம்பா தம்பி? யாரு சர்வீஸ் பண்ணது?"

அரை மணி நேரம் அந்தப் பம்பைப் பத்தியே பேசினோம். சந்தா எவ்வளவுன்னு கேட்டேன். வடை காசு கொடுத்தாப் போதும்னாங்க :-)

வி.ஏ. நம்பருக்கு எழுதப் போறதில்லை. அடுத்த தடவையும் சாதாரணப் புதுப்பிப்புதான், 10,000 போனாப் போகுது. சென்னை ராலிக்கு வேடிக்கை பார்க்கப் போவேன். தொழுவத்துல இருக்கிற பெட்ரோல் எஞ்சினுக்கு இந்தத் தீபாவளிக்கு அய்யாவோட சேர்ந்து புது கிரீஸ் பூசணும், அது அங்கேயே இருக்கட்டும்.

ஒரு உதவி. மார்க் 2-க்கு நெருக்கமாச் சின்னச் சின்னக் கட்டம் போட்ட கிரில், நசுங்காதது, எங்களுக்கு வேணும். எங்களோடது 1996-ல் ஒரு எருமையோட மோதினது. மதுரையிலயோ திருநெல்வேலியிலயோ எந்தப் பழைய சாமான் கடையிலயாவது பார்த்தீங்கன்னா பின்னூட்டத்துல சொல்லுங்க.